ஆணுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும்: அப்பாவுக்காகக் கேட்ட மகளுக்கு ஒரு பதில்

கேள்வி:

“டாக்டர், என் அப்பாவுக்கு 64 வயது. இடது மார்பில் காம்புக்குப் பின்னால் எட்டு மாதமாகக் கட்டி இருந்திருக்கிறது, வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. காம்பு உள்ளே போயிருப்பதை அம்மா கவனித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே வந்தார். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் கேன்சர் என்கிறார்கள். ‘இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேடு 2, ஈ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 ஒன் பிளஸ்’ என்று ரிப்போர்ட். மார்பை முழுதாக எடுக்க வேண்டும், அப்புறம் ஐந்து வருடம் டமாக்சிஃபென் மாத்திரை என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பாவோ ‘பொம்பளைங்க நோய் எனக்கு எப்படி வரும், ஊசி போட்டதில்தான் கெட்டுப்போச்சு’ என்று உட்கார்ந்துவிட்டார். சொந்தக்காரர்களிடம் கொழுப்புக் கட்டி என்று சொல்லி வைத்திருக்கிறோம். தம்பி, ஆபரேஷனுக்கு முன் மூன்று மாதம் மூலிகை மருந்து பார்க்கலாம் என்கிறான். அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, 44 வயதில் இதே நோய் வந்து கட்டியை மட்டும் எடுத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். அப்பாவுக்கு மட்டும் ஏன் முழுதாக? அந்த மாத்திரை பெண்களுக்கானது இல்லையா? எனக்கு 38 வயது. எனக்கும் வருமா?”

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பாவை நேரில் பார்க்காமல், நீங்கள் எழுதிய ரிப்போர்ட்டை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். அவரைப் பார்க்கும் டாக்டர் கையில் ஸ்கேன் இருக்கிறது, என் கையில் இல்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தில் இருக்கும் எந்தக் கேள்விக்கும் மழுப்பிப் பதில் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

முதலில் அப்பாவின் கேள்வி. ஆணுக்கு எப்படி வரும்? ஆணுக்கும் மார்பகத் திசு உண்டு, அதனால் வரும். சிறு வயதில் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் காம்புக்குப் பின்னால் ஒரே மாதிரி மெல்லிய பால் நாளங்கள்தான் இருக்கின்றன. பருவம் வரும்போது பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் அவற்றை வளர்க்கிறது, பால் சுரக்கும் பகுதிகள் உண்டாகின்றன. ஆணுக்கு அந்த நாளங்கள் வளராமல் அப்படியே தங்கிவிடுகின்றன, ஆனால் காணாமல் போவதில்லை. அந்த நாளத்தின் உள்சுவரில் இருக்கும் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகத் தொடங்குவதுதான் ரிப்போர்ட்டில் ‘டக்டல் கார்சினோமா’ என்று போட்டிருப்பது. உங்கள் அத்தைக்கு வந்ததும் பெரும்பாலும் இதே வகையாகத்தான் இருக்கும், ஏனென்றால் பெண்களுக்கு வருவதிலும் இதுவே அதிகம்.

இது அபூர்வம்தான், அதை மறுக்கவில்லை. 2022-ல் உலகம் முழுக்க 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மொத்த மார்பகப் புற்றுநோயில் ஆண்களின் பங்கு நூற்றுக்கு ஒன்று, அல்லது அதற்கும் குறைவு. ஆனால் அத்தனை பெரிய எண்ணிக்கையில் நூற்றுக்கு ஒன்று என்றாலே வருடத்துக்கு ஆயிரக்கணக்கான ஆண்கள். அவர்களில் பலர் உங்கள் அப்பாவைப் போலவே அறுபதைத் தாண்டியவர்கள், அவரைப் போலவே மாதக்கணக்கில் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்துவிட்டு வந்தவர்கள்.

இந்தத் தாமதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அப்பாவைக் குற்றம் சாட்ட இல்லை, இதைப் படிக்கும் மற்ற ஆண்களுக்காக. ஆணின் மார்பில் சதை குறைவு, அதனால் கட்டி சீக்கிரம் கைக்குத் தட்டுப்படும், அது ஒரு வசதி. அதே காரணத்தால் அந்தக் கட்டி தோலையோ, காம்பையோ, கீழே இருக்கும் தசையையோ தொடுவதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. சீக்கிரம் தெரியும், சீக்கிரம் பரவவும் இடம் கிடைக்கும். ஆகவே கை பட்ட உடனே காட்டினால் பெண்களைவிடச் சுலபமாகப் பிடித்துவிடலாம், தள்ளிப்போட்டால் அந்த வசதி முழுக்கப் போய்விடும். ஆண்களுக்கு இந்த நோய் முற்றிய பிறகு தெரியவருவதற்கு உடம்பைவிடக் கூச்சமும் ‘நமக்கெல்லாம் வராது’ என்ற நினைப்பும்தான் காரணம்.

ஆண் மார்பில் வரும் வீக்கம் எல்லாம் கேன்சர் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், பயந்துபோய் நாளைக்கே நாலு பேர் கடிதம் எழுதுவார்கள். பெரும்பாலானவை கைனகோமாஸ்டியா என்ற சாதாரண வீக்கம். பருவ வயதில் வரும், வயதான காலத்தில் வரும், கல்லீரல் கெட்டால் வரும், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற சில மாத்திரைகளால் வரும், உடம்பு ஏற்றுவதற்காக ஸ்டீராய்டு போட்டுக்கொள்கிறவர்களுக்கும் வரும். அது காம்புக்கு நேர் பின்னால் வட்டமாக, ரப்பர் மாதிரி அமுங்கும், தொட்டால் வலிக்கும், பல நேரம் இரண்டு பக்கமும் இருக்கும். கேன்சர் கட்டி பெரும்பாலும் ஒரு பக்கம்தான், கெட்டியாக இருக்கும், ஓரம் ஒழுங்காக இருக்காது, விரலால் தள்ளினால் சரியாக நகராது, முக்கியமாக வலிக்காது. வலி இல்லை என்பதால் விட்டுவிட்டேன் என்று சொல்லாத நோயாளியைப் பார்ப்பது கடினம். காம்பு உள்ளே இழுப்பது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, தோல் சுருங்கிக் குழி விழுவது, ஆறாத புண், அக்குளில் நெறி கட்டுவது, இதில் எது இருந்தாலும் ஆணோ பெண்ணோ அந்த வாரமே டாக்டரிடம் காட்ட வேண்டும். உங்கள் அம்மா சரியான நேரத்தில் சரியானதைக் கவனித்திருக்கிறார்.

அடுத்து ஊசி. ஊசி போட்டதால் கேன்சர் வரவில்லை, பரவவும் இல்லை. எட்டு மாதமாக இருந்த கட்டி அது, ஊசி போட்டது அதற்குப் பிறகுதான். ஊசி போன பாதையில் ஒன்றிரண்டு செல்கள் நகரக்கூடும் என்பது உண்மைதான், ஆனால் அதனால் நோயாளியின் ஆயுள் குறைந்ததாகப் பல பத்தாண்டு அனுபவத்தில் தெரியவரவில்லை. அந்தத் துண்டுச் சதை இல்லாமல் இது கேன்சரா, எந்த வகை, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று எதுவுமே தெரியாது. ஊசிப் பரிசோதனை செய்யாமல் நேரே கத்தி வைக்கிறேன் என்று யாராவது சொன்னால்தான் யோசிக்க வேண்டும்.

இப்போது ரிப்போர்ட்டை வரிவரியாகப் பார்க்கலாம், ஏனென்றால் உங்கள் அப்பாவுக்கு என்ன சிகிச்சை என்பது மொத்தமும் அந்த ஒற்றை வரியில்தான் இருக்கிறது. ‘இன்வேசிவ்’ என்றால் நாளத்தின் சுவரைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் நுழைந்திருக்கிறது என்று பொருள். உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று அர்த்தம் இல்லை, பலரும் அப்படி எடுத்துக்கொண்டு அன்று இரவு தூங்காமல் அழுகிறார்கள். ‘கிரேடு 2’ என்பது இரண்டாம் ஸ்டேஜ் இல்லை. கிரேடு என்பது மைக்ராஸ்கோப்பில் அந்த செல்கள் எவ்வளவு முரட்டுத்தனமாகத் தெரிகின்றன என்பதற்கான மதிப்பு, 1 சாது, 3 முரடு, 2 நடுவில். ஸ்டேஜ் வேறு: கட்டி எவ்வளவு பெரியது, அக்குள் நெறிக்கட்டிகளுக்குப் போயிருக்கிறதா, நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று தூரத்துக்குப் போயிருக்கிறதா என்பதை வைத்து முடிவாவது. உங்கள் கடிதத்தில் ஸ்டேஜ் பற்றி ஒன்றுமே இல்லை. அடுத்த முறை போகும்போது முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள்: கட்டி எத்தனை சென்டிமீட்டர், அக்குளை ஸ்கேன் செய்து பார்த்தீர்களா, நெறி இருந்தால் அதிலும் ஊசி வைத்துப் பார்த்தீர்களா?

ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ் என்பது நல்ல சேதி. அந்த கேன்சர் செல்களின் உள்ளே ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன்கள் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன, அந்த ஹார்மோனைக் குடித்துத்தான் செல் வளர்கிறது. அப்படியென்றால் ஹார்மோனைத் தடுத்தாலே செல் வாடும். ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது இப்படித்தான் இருக்கிறது, பெண்களைவிட அதிகம். ஹெர்-2 என்பது இன்னொரு புரதம். 0 அல்லது ஒன் பிளஸ் என்றால் நெகட்டிவ் கணக்கு, த்ரீ பிளஸ் என்றால் பாசிட்டிவ், டூ பிளஸ் வந்தால் ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள். அப்பாவுக்கு ஒன் பிளஸ், ஆகவே அதற்கான மருந்து இப்போது தேவைப்படாது. ஹெர்-2 பாசிட்டிவாக வரும் பெண்கள் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். ஒரு காலத்தில் மிக மோசம் என்று ஒதுக்கப்பட்ட வகைதான் அது, 1998-ல் அமெரிக்காவில் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு அனுமதி கிடைத்த பிறகு அந்த நிலைமையே மாறிவிட்டது. மூன்றுமே நெகட்டிவாக வரும் ட்ரிபிள் நெகட்டிவ் வகை பெண்களுக்குத்தான் அதிகம் வரும், ஆண்களுக்கு அரிது; அதற்குக் கீமோதான் முதுகெலும்பு, இப்போது பலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபியும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

அத்தைக்குக் கட்டி மட்டும், அப்பாவுக்கு ஏன் முழுதாக? இது நியாயமான கேள்வி. நூறு வருடத்துக்கு முன்னால் என்றால் அத்தைக்கும் மார்பு, அதன் கீழே இருக்கும் தசை, அக்குள் நெறிகள் என்று வழித்து எடுத்திருப்பார்கள், ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் வழக்கத்துக்குக் கொண்டுவந்த அந்த முறைதான் பல பத்தாண்டுகள் ஓடியது. பிறகு இத்தாலியில் வெரோனேசி என்ற சர்ஜனும் அமெரிக்காவில் ஃபிஷர் என்ற சர்ஜனும், கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்த பெண்களையும் மார்பை முழுதாக எடுத்த பெண்களையும் இருபது வருடம் தொடர்ந்து பார்த்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள்: உயிர் பிழைப்பதில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. அத்தைக்கு மார்பு தப்பியது அந்த ஆய்வுகளின் புண்ணியத்தில். பெண்கள் யாராவது ‘முழுதாக எடுத்துவிட்டால்தான் நிம்மதி’ என்று பயத்தில் முடிவெடுக்கப் போகிறார்கள் என்றால் தயவுசெய்து ஒரு நாள் நிதானித்து, எனக்குக் கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கட்டி பெரிதாக இருந்தால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டுக்கூட அப்படிச் செய்ய முடிகிறது.

அப்பா விஷயத்தில் கணக்கு வேறு. அவருக்கு இருப்பதே ஒரு பிடி திசு, கட்டி நேரே காம்புக்குப் பின்னால், காம்பும் உள்ளே இழுத்திருக்கிறது. கட்டியைச் சுற்றி நல்ல திசுவையும் கொஞ்சம் சேர்த்து எடுக்க வேண்டும் என்பதுதான் விதி. அப்படி எடுத்தால் காப்பாற்றுவதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது. சின்னக் கட்டியாக, ஓரமாக இருந்தால் சில ஆண்களுக்கும் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுக்கிறார்கள், கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அவர் டாக்டர் சொன்னது சரியாகத்தான் படுகிறது. காம்பு போய்விடுமே என்று அவருக்கு மனசு சங்கடப்பட்டால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். சட்டையைக் கழற்றி நிற்க ஆணுக்கும் கூச்சம் உண்டு. பின்னால் காம்பு மாதிரியே பச்சை குத்தித் தருவது வரை வழிகள் இருக்கின்றன.

அந்த ஆபரேஷனில் அக்குளில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் நோயாளிக்குப் பிறகு அதிகம் தொந்தரவு தரும் விஷயம். ஸ்கேனில் நெறி எதுவும் சந்தேகமாக இல்லை என்றால் எல்லா நெறியையும் எடுக்க வேண்டாம். மார்பில் நீலச் சாயமோ, மிகக் குறைந்த அளவு கதிரியக்க மருந்தோ, சில இடங்களில் இரண்டுமோ செலுத்துவார்கள்; அது மார்பிலிருந்து முதலில் எந்த நெறிக்கு, அதாவது நிணநீர் முடிச்சுக்கு, போய்ச் சேர்கிறதோ அந்த ஒன்றிரண்டை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். சென்டினல் நோடு பயாப்ஸி என்று பெயர். அதில் கேன்சர் இல்லை என்றால் மற்றவற்றில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மறுநாள் அப்பாவுக்குச் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகலாம், பயப்பட வேண்டாம், அந்தச் சாயம்தான். எல்லா நெறிகளையும் எடுக்க வேண்டி வந்தால் கை வீக்கம் வரும் வாய்ப்பு கூடுகிறது, அதனால் ஆபரேஷனுக்கு முன்பே ‘சென்டினல் நோடு போதுமா’ என்று கேளுங்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் பக்கவாட்டில் ஒரு டியூபும் அதன் முனையில் நீர் சேரும் ஒரு பாட்டிலும் இருக்கும், சில நாள் அதோடுதான் நடக்க வேண்டியிருக்கும். தினமும் எவ்வளவு நீர் சேர்ந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள், குறைந்த பிறகு எடுத்துவிடுவார்கள். மேல்கையின் உட்புறம் மரத்துப்போன மாதிரி இருக்கும், பலருக்கு அது மெல்ல மெல்லக் குறையும். தோள் இறுகிவிடாமல் இருக்க, டாக்டர் அனுமதித்ததும் சுவரைப் பார்த்து நின்று விரல்களை ஒவ்வொன்றாக மேலே நகர்த்தும் பயிற்சியைத் தொடங்க வேண்டும். ஆண்கள் இதைச் செய்ய மறந்துவிடுகிறார்கள், மூன்று மாதம் கழித்துச் சட்டைக்குள் கையை விட முடியவில்லை என்று வருகிறார்கள்.

கீமோ வேண்டுமா என்பது ஆபரேஷனுக்குப் பிறகு வரும் முழு ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் தெரியும். கட்டி பெரிதாக இருந்தால், நெறியில் இருந்தால், செல்கள் வேகமாகப் பெருகுகின்றன என்று கே.ஐ-67 எண் காட்டினால் கீமோ பக்கம் சாய்வார்கள். 64 வயது என்பது மட்டுமே கீமோவுக்குத் தடை இல்லை. கொடுத்தால் முடி கொட்டலாம், முடிந்த பிறகு பெரும்பாலும் வளர்ந்துவிடும். ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நடு ராத்திரியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும் நேரத்தில் சாதாரணத் தொற்றுகூட உயிரைக் குடித்துவிடும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. கதிர்வீச்சும் எல்லோருக்கும் வராது. நெறியில் இருந்தாலோ, கட்டி தோல் அல்லது தசை வரை போயிருந்தாலோ கொடுப்பார்கள், இப்போது பல இடங்களில் மூன்று வாரத்தில் முடிந்துவிடுகிறது. வெளியிலிருந்து கதிர்வீச்சு வாங்குகிறவர் உடம்பில் கதிர் எதுவும் தங்காது, பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

மாத்திரைக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் நான் அதிகம் அக்கறைப்படும் இடங்களில் இது ஒன்று, ஏனென்றால் ஆபரேஷனைத் தைரியமாகச் செய்துகொண்டுவிட்டு, மாத்திரையை ஆறு மாதத்தில் நிறுத்திவிடும் ஆண்கள் நிறைய. காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ‘அது பெண்களுக்கானது.’ ஆணின் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனையே உடம்பின் கொழுப்புத் திசு கொஞ்சம் கொஞ்சமாக ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. டமாக்சிஃபென் பெண் ஹார்மோன் இல்லை, மார்பில் பெண் ஹார்மோனைத் தடுக்கும் மருந்து. ஒரு பூட்டின் துவாரத்தில் வேறு எதையாவது செருகிவிட்டால் சாவி உள்ளே போகாது அல்லவா, அந்த வேலையைத்தான் அது செல்லுக்குள் செய்கிறது. அப்பாவுக்கு மார்பு வளரும், குரல் மாறும் என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆண்களுக்கு வரும் சாதாரண மார்பு வீக்கத்தைக் குறைக்கக்கூட இதே மாத்திரையைக் கொடுப்பதுண்டு.

ஹார்மோன் பாசிட்டிவான பெண்களிடம் ஐந்து வருடம் இதைச் சாப்பிட்டதில் பதினைந்து வருடக் கணக்கில் இந்த நோயால் சாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. மாத்திரை நிறுத்திய பிறகும் அந்தப் பலன் தொடர்கிறது என்பதுதான் இதில் பெரிய விஷயம். ஆண்களை வைத்து அவ்வளவு பெரிய ஆய்வுகள் நடத்த ஆட்கள் கிடைப்பதில்லை, ஆனால் அதே ஏற்பி, அதே மருந்து, ஆண்களுக்கும் முதல் தேர்வு இதுதான். தினம் 20 மில்லிகிராம், குறைந்தது ஐந்து வருடம். உடம்பு திடீரென்று சூடாகி வியர்ப்பது, எடை கூடுவது, மனசு சோர்வது, தாம்பத்திய ஆசை குறைவது எல்லாம் வரலாம். கடைசியாகச் சொன்னதை அப்பா உங்களிடம் சொல்ல மாட்டார், மாத்திரையை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார். அதனால் டாக்டரைத் தனியாகப் பார்த்துப் பேச அவருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள், நீங்கள் வெளியே இருங்கள். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மனச்சோர்வுக்காக யாராவது பராக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸெட்டின் எழுதிக் கொடுத்தால், டமாக்சிஃபென் சாப்பிடுகிறார் என்று சொல்லுங்கள், அவை இந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். வேறு மாத்திரைகள் இருக்கின்றன. அப்புறம், பலம் வருவதற்கு என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ மாத்திரையோ எடுக்கவே கூடாது.

உங்கள் அத்தை மாதவிடாய் நின்ற பிறகு லெட்ரோசோல் போன்ற வேறு மாத்திரைக்கு மாறியிருக்கலாம். ‘அண்ணனுக்கும் அதே’ என்று யாரும் கொடுத்துவிடாதீர்கள். ஆணுக்கு அந்த வகை மாத்திரை தனியாகச் சரிவர வேலை செய்யாது. டமாக்சிஃபென் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு விரைகளில் ஹார்மோன் சுரப்பதை நிறுத்தும் ஊசியோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள்.

தம்பியின் மூன்று மாத மூலிகை யோசனைக்கு என் பதில்: வேண்டாம். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அப்பாவைக் கத்தியிலிருந்து காப்பாற்றத்தான் நினைக்கிறான். ஆனால் வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியம் மட்டும் செய்துகொண்டவர்களைப் பற்றி அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் இறக்கும் அபாயம் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. எட்டு மாதம் ஏற்கெனவே போயிருக்கிறது. ஸ்கேன், இரண்டாவது டாக்டரின் கருத்து என்று இரண்டு மூன்று வாரம் ஆவதில் கெடுதல் இல்லை. மூன்று மாதம் தள்ளக் கூடாது. கீமோவோ மாத்திரையோ நடக்கும்போது கூடவே மூலிகை சாப்பிட ஆசைப்பட்டால் அந்த டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடட்டும், சில மூலிகைகள் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றவோ இறக்கவோ செய்யும்.

இனி நீங்கள் கடைசி வரியில் கேட்டது. நான் முதலில் படித்தபோதே என் கண் நின்ற இடம் அதுதான். அண்ணனுக்கு மார்பகப் புற்றுநோய், தங்கைக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய். ஆணுக்கு வந்தாலே மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்; கூடவே இளம் வயதில் தங்கைக்கும் வந்திருக்கிறது என்றால் தள்ளிப்போட முடியாது. பார்க்க வேண்டியவை முக்கியமாக பி.ஆர்.சி.ஏ-1, பி.ஆர்.சி.ஏ-2 என்ற இரண்டு மரபணுக்கள். 1994, 95-ல் அடுத்தடுத்துக் கண்டுபிடிக்கப்பட்டவை. உடைந்த டி.என்.ஏ.-வைச் சரிசெய்வது அவற்றின் வேலை, அதில் பழுது இருந்தால் தவறுகள் சேர்ந்துகொண்டே போகும். சாதாரணமாக ஆயிரம் ஆண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் வரக்கூடிய இந்த நோய், பி.ஆர்.சி.ஏ-2 பழுது உள்ள ஆண்களில் நூற்றுக்கு ஆறு முதல் எட்டு பேருக்கு வருகிறது. பெண்களுக்கு என்றால் 80 வயதுக்குள் பத்தில் ஏழு பேருக்கு, கூடவே சினைப்பைப் புற்றுநோய் அபாயமும்.

இந்தப் பழுது அம்மா வழியாக மட்டும்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள், டாக்டர்கள் சிலர்கூட அப்பா பக்கத்துக் குடும்பத்தை விசாரிப்பதில்லை. அப்பாவிடம் இருந்தால் உங்களுக்கும் தம்பிக்கும் தலைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பரிசோதனையை முதலில் நோய் வந்த அப்பாவுக்குச் செய்ய வேண்டும், ரத்தமோ எச்சிலோ போதும். அவருக்குப் பழுது இருந்தால் அந்தக் குறிப்பிட்ட பழுதை மட்டும் உங்களிடம் தேடலாம், அப்போதுதான் உங்களுக்கு ‘இல்லை’ என்று வந்தால் அது உறுதியான இல்லை. அவருக்கு ஒன்றும் இல்லை என்று வந்தாலும் குடும்ப வரலாறு இருப்பது இருப்பதுதான். சில நேரம் ‘பொருள் தெரியாத மாற்றம்’ என்று ரிப்போர்ட் வரும், அதை வைத்து எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் மரபணு ஆலோசகரிடம் பேசுவது நல்லது. பழுது இருந்தால் அது அப்பாவின் சிகிச்சைக்கும் உதவும், அத்தகைய கேன்சருக்கென்றே ஓலாபாரிப் போன்ற மாத்திரைகள் வந்திருக்கின்றன. தம்பிக்கும் சொல்லுங்கள்: அவனுக்கும் அந்தப் பழுது இருந்தால் 35 வயதிலிருந்து மார்பைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், 40-லிருந்து புராஸ்டேட் பரிசோதனையும்.

அப்பாவிடம் பேசுவதற்கும் இதுதான் வழி என்று எனக்குத் தோன்றுகிறது. ‘உங்கள் உயிர்’ என்று பேசினால் அவர் விட்டேற்றியாகப் பேசுவார். ‘அப்பா, உங்கள் ரத்தத்தைப் பார்த்தால்தான் எனக்கு என்ன என்று தெரியும்’ என்று கேட்டுப் பாருங்கள். பாடகி பியான்சேயின் அப்பா மேத்யூ நோல்ஸ் 2019-ல் தனக்கு மார்பகப் புற்றுநோய் என்று வெளிப்படையாகச் சொன்னார். வெள்ளை பனியனில் புள்ளியாக ரத்தக் கறை, பிறகு படுக்கை விரிப்பிலும். ஆபரேஷன் செய்துகொண்டார், பி.ஆர்.சி.ஏ-2 பழுது இருப்பது தெரிந்தது, தன் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் முதலில் சொன்னார். அத்தையையும் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். டியூபோடு எப்படித் தூங்குவது, கையை எப்போது தூக்கலாம் என்று தங்கை சொல்வதை அண்ணன் கேட்பார், நாம் சொல்வதைவிட நன்றாகவே கேட்பார். சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது என்பது அப்பாவின் விருப்பம், ஆனால் ரத்த உறவுகளிடம், குறிப்பாக அத்தையின் பிள்ளைகளிடம், கொழுப்புக் கட்டி என்ற கதை வேண்டாம். அவர்களுக்கும் இது தெரிய வேண்டிய விஷயம்.

உங்களுக்கு வருமா என்று கேட்டீர்கள். கட்டாயம் வரும் என்று இல்லை, ஆனால் மற்ற பெண்களைப் போல நாற்பது ஆகட்டும், ஐம்பது ஆகட்டும் என்று காத்திருக்கும் இடத்தில் நீங்கள் இல்லை. குடும்பத்தில் இளம் வயதில் வந்தவரின் வயதிலிருந்து பத்தைக் கழித்து, அங்கிருந்து மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயைத் தொடங்குவது பல டாக்டர்களின் வழக்கம். அத்தைக்கு 44 என்றால் உங்களுக்கு அந்தக் கணக்கு 34-லேயே வந்துவிட்டது. இந்த வயதில் மார்பகம் அடர்த்தியாக இருக்கும், மேமோகிராமில் மட்டும் சில கட்டிகள் ஒளிந்துகொள்ளும், அதனால் கூடவே அல்ட்ராசவுண்டும், மரபணுப் பழுது உறுதியானால் வருடா வருடம் எம்.ஆர்.ஐ.யும் செய்யச் சொல்வார்கள். பழுது இருந்தால் சினைப்பையை எந்த வயதில் எடுப்பது, மார்பகத்தை முன்கூட்டியே எடுப்பதா வேண்டாமா என்ற பேச்சும் வரும். அதில் அவசரப்பட எதுவும் இல்லை, உங்கள் விருப்பம்தான் முக்கியம். ஆனால் முதல் மேமோகிராமுக்கு அப்பாவின் மரபணு ரிப்போர்ட் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அவரை ஆபரேஷன் தேதி குறிக்க அழைத்துப்போகும் அன்றைக்கே உங்கள் பெயரிலும் ஒரு சீட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.